மோரிப்பிலிருந்து ஓடில்லாத ஒரு நத்தை

வியாழக்கிழமை, தீபாவளி நாள் காலை.

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு ரயிலில் இருபத்திரண்டு மைல். மூன்றாம் வகுப்புக்கு நாற்பத்தைந்து காசு வாங்கினார்கள். என் ரொத்தான் பிரம்புக் கூடையில் அகல வாய்க் கண்ணாடி ஜாடிகள் இரண்டு, காலி சோடா போத்தல்கள் ஆறு, இரண்டடுக்கு எனாமல் டிபன் கேரியர் ஒன்று, ஒரு ஈரச் சாக்கு. கேட்டில் டிக்கெட் பார்த்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். கூடையை எட்டிப் பார்த்தார்.

"தீபாவளிக்கு ஊறுகாய் கொண்டு போறியளோ, டீச்சர்?"

"போகும்போது ஜாடி காலிதான், ஐயா. வரும்போதுதான் நிறைஞ்சிருக்கும்."

"அப்ப வரேக்க எனக்கும் ஒரு துண்டு தாங்கோ" என்று டிக்கெட்டில் ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

நான் ஊறுகாய்க்குப் போகவில்லை. ஒரு நத்தையை உயிரோடு பிடித்து வரப் போனேன். ஓடு இல்லாத கடல் நத்தை. இதைச் சொன்னால் பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேர் சிரிக்கிறார்கள், மீதிப் பேர் எனக்கு முப்பது வயதாகியும் கல்யாணம் ஆகாததற்குக் காரணம் தெரிந்துவிட்டதுபோல் தலையாட்டுகிறார்கள். ஆகவே காரணத்தை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சித்திரமும் இயற்கைப் பாடமும் நான் சொல்லிக் கொடுக்கிறேன். ரப்பர் விலை படுத்துக் கிடக்கும் இந்தக் காலத்தில் அந்த வேலை இருப்பதே பெரிது. போன விடுமுறையில் எங்கள் சர்ச் சபையார் மோரிப் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் போனார்கள். எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது நான் வற்றிய கடலில் நடந்து போய் அதைக் கண்டேன். ஒரு விரல் நீளம். கருநீல முதுகில் தலையிலிருந்து வால்வரை ஓடும் வெண்ணிற வரிகள், ஓரம் முழுக்க ஆரஞ்சு. அங்கேயே ஈர மணலில் உட்கார்ந்து வர்ணம் தீட்டினேன். பிறகு புத்தகத்தில் சொன்னபடி அதை ஸ்பிரிட் போத்தலில் போட்டேன். வீடு வந்து சேர்ந்தபோது படத்தில் நிறம் இருந்தது. போத்தலில் இல்லை.

பள்ளியில் கண்காட்சி வைத்தார்கள். பரிசுக்குரியதைத் தேர்ந்தெடுக்க வருபவர் ஒரு தோட்டத்து டாக்டர், வெள்ளைக்காரத் துரை. அவர் வீட்டில் அலமாரி அலமாரியாகச் சங்கும் சிப்பியும் இருக்கிறதாம். கண்காட்சிக்கு முந்திய வாரமே ஒருதரம் சுற்றிப் பார்க்க வந்தார். போத்தலில் இருந்த சாம்பல் நிறத் துண்டைப் பார்த்தார், சுவரில் இருந்த என் படத்தைப் பார்த்தார். தலைமையாசிரியையான மிஸ்ஸிடம் இங்கிலீஷில் சொன்னார்: "இது தட்டைப்புழு. கொம்பும் செவுளும் இவள் கற்பனை. கோடுகளைத் தன் சேலைக் கரையிலிருந்து எடுத்திருக்கிறாள்." பிறகு என் பக்கம் திரும்பித் தோட்டத்தில் கற்ற தமிழில், "நீ நல்லா படம் போடுது. பொய் போடக் கூடாது" என்றார்.

என் வகுப்புப் பிள்ளைகள் பின்னாலேயே நின்றார்கள். அவர்களுக்கு இங்கிலீஷ் புரியும். தமிழும் புரியும். மிஸ் நல்லவர்தான். ஆனாலும் சனிக்கிழமை கண்காட்சி திறப்பதற்குள் இதற்கு ஆதாரம் காட்ட முடியாவிட்டால் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும் என்றார். படம் போனால் போகட்டும். பொய் வரைகிறவள் என்று பெயரெடுத்த பிறகு வேப்பிலையை வரைந்து காட்டினாலும் எந்தப் பிள்ளை நம்பும்? அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது இன்னும் போகவில்லை.

உயிரோடு கொண்டுவருவதைத் தவிர வேறு வழியில்லை. கடல் வெகுதூரம் வற்றுவது அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டித்தான். அதற்காக என் அறையில் ஒரு செட்டியார் கடைப் பஞ்சாங்கம் தொங்குகிறது. மெதடிஸ்ட் வீட்டில் பஞ்சாங்கமா என்று பாஸ்டரம்மா கேட்டார். சந்திரன் எந்தச் சபையிலும் பேர் கொடுக்கவில்லையே அம்மா என்றேன். தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை. அந்த வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டபோது சம்பளம் பிடிப்போம் என்றார்கள். பிடியுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் ரயிலேறினேன்.

எதிர் பலகையில் மஸ்ஜித் இந்தியாப் பக்கம் ஜவுளிக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தீபாவளிக்கு விற்காமல் மிஞ்சிய மூட்டையோடு கிள்ளானுக்குப் போகிறாராம். பெட்டாலிங் தாண்டி, சுங்கை வே ரப்பர்க் காடுகள் ஜன்னலில் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு ஒரு யோசனை வந்தது. படத்தின் நகலைப் பையிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"பாய், இது எந்த ஊர்ச் சேலைக் கரைன்னு சொல்ல முடியுமா?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெளிச்சத்தில் பிடித்தார், தலைகீழாகத் திருப்பினார்.

"காஞ்சிபுரம் இல்ல. மதுரை இல்ல. எந்த ஊர்லயும் இப்படி நெய்ய மாட்டாங்கம்மா. இங்க பாருங்க, கோடு ரெண்டா இருந்து வால் கிட்ட ஒண்ணாப் போயிருது. தறியில இழை பாதி வழியில காணாமப் போகுமா? ஏமாத்தியிருக்காங்க. எவ்வளவு குடுத்தீங்க?"

"சேலை இல்ல பாய். கடல்ல இருக்கிற ஒரு பிராணி."

அவர் படத்தை நேராகப் பிடித்து மறுபடியும் பார்த்தார். "அல்லாவோட தறி. அதுல நாம குத்தம் சொல்லக்கூடாது" என்று படத்தைத் திருப்பிக் கொடுத்தார். டாக்டர் துரை இந்தப் பெட்டியில் இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

கிள்ளானில் என் பெரியம்மா மகள் ரூபி அக்கா ரயில்வே குவாட்டர்ஸில் இருக்கிறாள். அத்தானுக்குக் கூட்ஸ் ஷெட்டில் இரவு வேலை. வாசலில் பட்டாசுக் குப்பை, மேஜையில் பக்கத்து வீடுகளிலிருந்து வந்த முறுக்கும் அதிரசமும். ரூபி அக்கா எதையும் வீணாக்காதவள், யாரையும் பட்டினி போடாதவள், ஒரு பொருளையும் இருக்கிற இடத்தில் இருக்க விடாதவள். இந்த மூன்றாவது குணத்தை நான் அப்போதே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணி.

கிள்ளானிலிருந்து மோரிப் முப்பது மைலுக்குச் சற்றுக் குறைவு. ஏழு பேர் உட்காரும் குட்டி பஸ்ஸில் எழுபது காசு. கொசு பஸ் என்று அதற்குப் பெயர். உள்ளே பத்துப் பேர் இருந்தோம். டிரைவர் அந்தோணி அண்ணன் ஒரு தோட்டத்துக் கத்தோலிக்க வேதக்காரர். கண்ணாடி மேல் மாதா படம், அதன் மேல் மல்லிகைச் சரம். தெலுக் பங்லிமா காராங் வரை தென்னை, அப்புறம் ரப்பர், ஜெஞ்சாரோம் தாண்டியதும் மறுபடி தென்னை. பந்திங்கில் பத்து நிமிஷம் நிறுத்தி எல்லாரும் கோப்பி குடித்தோம், கோப்பை மூன்று காசு.

"மோரிப்ல இப்பப் போயி என்ன செய்யப் போறீங்க, டீச்சர்?" என்றார் அந்தோணி அண்ணன். "தண்ணி கண்ணுக்கு எட்டாத தூரம் போயிருக்கும். கால் நனைக்கக்கூட முடியாது."

"அதுக்குத்தான் அண்ணே போறேன்."

"ரெண்டு மணிக்கு பஸ்ஸ திருப்பிருவேன். லேட்டானா விட்டுட்டுப் போயிருவேன் லா. அப்புறம் சூசா, உங்களுக்குத்தான் கஷ்டம்."

மோரிப்புக்குப் போகாத வாசகர்களுக்குச் சொல்கிறேன். சவுக்கும் தென்னையும் நிற்கிற கரை, அரசாங்க ரெஸ்ட் ஹவுஸ் ஒன்று, பின்னால் கம்பம் என்கிற மலாய்க்காரர் கிராமம். மற்றக் கடற்கரைகளில் கடல் வந்து காலைத் தொடும். இங்கே நாம்தான் கடலைத் தேடிப் போக வேண்டும். அன்றைக்கு அது அரை மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இடையில் சாம்பல் நிறச் சேறு, அதற்கப்பால் கெட்டியான மணல். செருப்பைக் கரையில் வைத்துவிட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் வரை புதைந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது.

சேற்றில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மலாய் அம்மாள் நிமிர்ந்து, "சாரி அபா?" என்றார், என்ன தேடுகிறாய் என்று. படத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "தாக் போலே மாக்கான்" என்று சிரித்தார். சாப்பிட முடியாதாம். அதற்கு இங்கே என்ன பெயர் என்று கேட்டேன். பெயர் கிடையாதாம். தின்ன முடியாததற்கு எந்த ஊரிலும் பெயர் வைப்பதில்லை போலிருக்கிறது. எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

அதைத் தேடுகிற வழியை இந்த இரண்டாவது தடவையில்தான் சரியாகக் கற்றேன். மணலின் மேல் நடந்து நத்தையைத் தேடினால் கிடைக்காது, அதன் சாப்பாட்டைத் தேட வேண்டும். நீர் கொஞ்சம் தேங்கிய இடங்களில் இறகுப் பேனா நட்டுவைத்ததுபோல் ஒரு பிராணி நிற்கும். நான் அதற்குக் கடலிறகு என்று பெயர் வைத்திருக்கிறேன். தொட்டால் அப்படியே மணலுக்குள் இறங்கிவிடும். நத்தை தின்பது அதைத்தான். ஒரு பக்கம் மொட்டையாகிப்போன கடலிறகைப் பார்த்து, அதன் அடியில் இரண்டு கையையும் மெதுவாக விட்டு மணலோடு அள்ளினேன். முதல் நாலைந்து தடவை வெறும் மணல்தான் வந்தது. தூரத்தில் தண்ணீர் திரும்புகிற கோடு தெரிந்தது. மனசுக்குள் டாக்டர் துரையைத் திட்டிக்கொண்டே அடுத்ததை அள்ளினேன். உள்ளங்கையில் ஏதோ வழுவழுவென்று நகர்ந்தது.

அதே கருநீலம், அதே வெண் வரிகள், அதே ஆரஞ்சு ஓரம். சத்தமாகவே சிரித்துவிட்டேன். மலாய் அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

ஜாடியில் கடல்நீர் விட்டு அதில் இறக்கிவைத்து, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தட்டைப்புழு என்றால் தாள் மாதிரி மெல்லிசாக இருக்கும், மூச்சுவிடத் தனி உறுப்பு ஏதும் இராது. இதற்குத் தலையில் அகலமான ஒரு மடிப்பு, அதற்கும் முதுகுத் தோலுக்கும் நடுவே இரண்டு குட்டிக் கொம்புகள். விரலால் தொட்டால் உள்ளே போயின, விட்டால் வெளியே வந்தன. முதுகில் பூப்போலச் செவுள் வைத்திருக்கும் நத்தைகளும் உண்டு. இது அந்த ஜாதி இல்லை. இது கண்ணாடியில் ஏறும்போது பக்கவாட்டில் குனிந்து பார்த்தால், தோலின் ஓரத்துக்கு அடியில் புத்தகத் தாள்களைப்போல அடுக்கடுக்காகச் செவுள் தெரிந்தது. நான் வரைந்தது அத்தனையும் அங்கே இருந்தது. அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. சாகும்போது கொம்பு உள்ளே போய்விடும், ஓரம் சுருண்டு செவுளை மூடிவிடும், நிறம் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும். துரை போத்தலில் பார்த்தது நத்தையை அல்ல. நத்தையின் மிச்சத்தை.

இன்னொரு இடத்தில் சின்னதாக ஒன்று கிடைத்தது, பெரியதில் பாதிகூட இராது. பெரியதற்கு மனசுக்குள் கல்யாணச் சேலை என்று பெயர் வைத்தேன். அதற்கு ஒரு ஜாடி, சின்னதற்கு ஒரு ஜாடி, இரண்டிலும் நாலு விரல் மணல். வழியில் பட்டினி கிடக்கக் கூடாது என்று கடலிறகு இரண்டைக் கேரியரின் அடித்தட்டில் கடல்நீரோடு வைத்தேன். சோடா போத்தல்களிலும் கடல்நீரை நிரப்பிக்கொண்டேன். தண்ணீர் கணுக்காலைத் தொட ஆரம்பித்துவிட்டது. பாரத்தைத் தூக்கிக்கொண்டு சேற்றில் வேகமாக நடப்பது எப்படி என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். கரையில் பஸ் ஹார்ன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தோணி அண்ணன் என்னை விட்டுப் போகவில்லை, முணுமுணுக்கவும் மறக்கவில்லை.

"இதுக்கா இவ்வளவு பாடு? வறுத்தா நல்லாருக்குமா டீச்சர்?"

"நான் வறுபட்டதே போதும் அண்ணே. வண்டிய எடுங்க."

ஜெஞ்சாரோம் தாண்டியதும் வானம் கிழிந்துகொண்டு மழை. பஸ் கூரை ஒழுகியது, சரியாக என் கூடையின் மேல். கடல் நத்தைக்கு மழைத் தண்ணீர் விஷம். குடையை விரித்து ஜாடிகளுக்குப் பிடித்தேன், என் தலையில் தண்ணீர் கொட்டியது. பின்னால் இருந்த தோட்டத்துக் கங்காணிக்குத் தீபாவளி இன்னும் முடியவில்லை, கள் வாசனை வந்தது.

"ஏம்மா டீச்சரம்மா, குடை மனுசனுக்கா, ஜாடிக்கா?"

"ஜாடிக்கு."

பஸ் முழுவதும் சிரித்தது. கங்காணி மட்டும் எழுந்து, தன் தலைத்துண்டைக் கழற்றி ஒழுகுகிற ஓட்டையில் அடைத்துவிட்டு உட்கார்ந்தார். கிள்ளான் வரை அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை, விடியற்காலை.

படுக்குமுன் இரண்டு ஜாடிகளிலும் தண்ணீர் மாற்றி, ஈரச் சாக்கு சுற்றி, அடுப்படியின் குளிர்ந்த மூலையில் வைத்திருந்தேன். சேற்றில் நடந்த அலுப்பில் கட்டையாகத் தூங்கிவிட்டேன். எழுந்து போனால் ரூபி அக்கா ஒரு ஜாடியைத் துணியால் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் மஞ்சளாக இருந்தது.

"என்னக்கா பண்ணினே?"

"லேசா மீன் கவிச்சி அடிச்சுச்சு எஸ்தர். பெரிய இடத்துக்குக் கொண்டு போறே, நாத்தம் அடிச்சா சிரிக்க மாட்டாங்களா? ரெண்டு சிட்டிகை மஞ்சத்தூளும் ஒரு கை உப்பும்தான் போட்டேன். மீனு கெடாம இருக்கும்ல?"

கவிச்சிக்கு மஞ்சள் போடாத தமிழச்சி எங்கே இருக்கிறாள்? நானும்தான் வீட்டில் மீனைக் கழுவும்போது கை தானாக மஞ்சள் டப்பாவுக்குப் போகிறவள். அது எனக்குத் தெரிந்திருந்தும் கோபத்தை அடக்க முடியவில்லை. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கல்யாணச் சேலை மஞ்சள் தண்ணீரில் மல்லாந்து சுருண்டு கிடந்தது. நல்ல தண்ணீர் மாற்றிப் பார்த்தேன். அசைவில்லை. அக்கா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். "உனக்கு நல்லது செய்யணும்னுதான்டீ செஞ்சேன்" என்றாள். அதுதான் கொடுமை. கெட்டது செய்திருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன்.

இரண்டாவது ஜாடிக்கு அவள் இன்னும் வரவில்லை. மூடியைத் திறந்து பார்த்தேன். சின்னது கண்ணில் படவில்லை. மணல் மட்டும் இருந்தது. தோண்டிப் பார்க்கப் பயம், செத்துக்கிடந்தால் அதையும் பார்க்க வேண்டுமே என்ற பயம். கேரியரில் கடலிறகு ஒன்று துவண்டுவிட்டது, ஒன்றுக்கு உயிர் இருந்தது. "போகாதே, எஸ்தர். வெறும் மணலை எடுத்துக்கிட்டுப் போயி இன்னும் அவமானப்படணுமா?" என்றாள் அக்கா. அவள் சொன்னது நியாயம். எனக்கு அன்றைக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை. என் பையிலிருந்து கருநீலச் சேலையை எடுத்தேன், ஆரஞ்சுக் கரை போட்டது. வேண்டுமென்றே அதைக் கட்டிக்கொண்டேன். பார்க்கட்டும். முதல் ரயில் ஏறினேன். ஜாடியை மடியில் வைத்து ஈரத் துணியால் மூடிக்கொண்டு வந்தேன்.

பள்ளி மண்டபத்தில் காலை பத்து மணி.

படம் இன்னும் சுவரில் இருந்தது. அதன் கீழே மேஜையில் ஜாடியை வைத்தேன். மிஸ்ஸும் டாக்டர் துரையும் வந்தார்கள். துரை முதலில் என் சேலைக் கரையைப் பார்த்தார், பிறகு ஜாடியை.

"ஒண்ணும் இல்லே" என்றார் தமிழில். மிஸ்ஸிடம் இங்கிலீஷில், "மணல் கொண்டுவந்திருக்கிறாள்" என்றார்.

நான் இங்கிலீஷிலேயே பதில் சொன்னேன்: "இருக்கிறது, டாக்டர். அது சாப்பிட வெளியே வரும். நீங்கள் மற்ற மேஜைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்குள் வரவில்லையென்றால் படத்தை நானே என் கையால் கழற்றிவிடுகிறேன்."

மிஸ்ஸின் முகம் சிவந்தது. துரை தோளைக் குலுக்கிவிட்டுப் பூத்தையல் மேஜைப் பக்கம் போனார். நான் உயிரோடிருந்த கடலிறகை எடுத்து ஜாடி மணலில் நட்டேன். என் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து மேஜையைச் சுற்றி நின்றார்கள். கடலிறகு முதலில் சுருங்கி, பிறகு மெல்ல நிமிர்ந்தது. மணல் அசையவில்லை. துரை பூத்தையலை முடித்துக் களிமண் பொம்மைகளுக்குப் போனார், அங்கிருந்து உலர்ந்த இலைகளுக்குப் போனார். இலைகளுக்கு அடுத்தது என் மேஜை. செத்திருந்தால்? செத்துத்தான் இருக்கும் என்று மனசு சொன்னது. ஆணியில் மாட்டியிருந்த படத்தின் கயிற்றைப் பார்த்துக்கொண்டேன்.

"டீச்சர், மண்ணு ஆடுது" என்றாள் முன்னால் நின்ற பெண் ஒருத்தி.

கடலிறகின் அடியில் மணல் விரிந்தது. முதலில் தலை மடிப்பு வந்தது, பிறகு இரண்டு கொம்புகள். கொம்பு தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. பட்டினி கிடந்த ஆத்திரத்தில் சின்னது கடலிறகைக் கவ்விக்கொண்டு மேலே ஏறியது. மணல் உதிர உதிரக் கருநீலம் வெளியே வந்தது, வரிகள் வந்தன, ஆரஞ்சு ஓரம் வந்தது. பிள்ளைகள் நத்தையைப் பார்த்தார்கள், சுவரைப் பார்த்தார்கள், மறுபடியும் நத்தையைப் பார்த்தார்கள்.

துரை வந்து குனிந்தார். பையிலிருந்து பூதக் கண்ணாடியை எடுத்தார். நத்தை ஜாடியின் பக்கவாட்டில் உரசி ஏறியபோது தோல் ஓரத்தின் அடியில் செவுள் அடுக்கு அவர் கண்ணுக்கு நேராக வந்து நின்றது. வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து மிஸ்ஸிடம், "இது நத்தை இனம்தான்" என்றார். அவ்வளவுதான். தப்பாகச் சொன்னேன் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை, வருமென்று நானும் எதிர்பார்க்கவில்லை. மிஸ் என் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்தினார்.

பிறகு துரைக்குக் குரல் மாறிவிட்டது, பிரியமாகவே பேசினார். "இதை எனக்குக் குடு. நல்ல போத்தல்லே ஸ்பிரிட் ஊத்தி என் அலமாரியிலே வைக்கிறேன். உன் பேரும் எழுதுறேன்."

பொய் சொல்லக் கூடாது, ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. அந்த அலமாரியைப் பார்க்கத் துரைமார்கள் வருவார்கள். அச்சடித்த அட்டையில் பிரிக்பீல்ட்ஸ் எஸ்தர் என்று இருக்கும். ஜாடியைப் பார்த்தேன். சின்னது சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"தர மாட்டேன், டாக்டர்" என்றேன். "போத்தலுக்குள் போனால் இது உங்களுக்கு மறுபடியும் தட்டைப்புழு ஆகிவிடும்."

பின்னால் ஒரு பிள்ளை சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது. படத்தின் கீழே ஒட்ட அட்டை ஒன்று வெட்டி, "மோரிப் கடற்கரை. உயிரோடு பார்த்து வரைந்தது. எஸ்தர்" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதினேன். பரிசு களிமண் பொம்மைக்குப் போயிற்று. போகட்டும், பொம்மை உண்மையிலேயே நன்றாக இருந்தது.

ஞாயிறு ஆராதனைக்கு வர முடியாது என்று பாஸ்டரம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை மத்தியானமே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன், மிச்சமிருந்த கடல்நீர் மறுநாள் மத்தியானத்துக்கு மேல் தாங்காது. கேட்டில் அதே யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ன டீச்சர், ஊறுகாய் திரும்பிப் போகுதோ?"

"வீட்டுக்குப் போகுது, ஐயா."

அவர் குனிந்து ஜாடியைப் பார்த்தார். "வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டு ஓட்டை போட்டார்.

ரூபி அக்கா கதவைத் திறந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜாடியைத்தான் பார்த்தாள். உள்ளே அசைவதைக் கண்டு மறுபடியும் அழுதாள். அன்றைக்கு மஞ்சள் டப்பாவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் படுத்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மோரிப்பில் கடல் வற்றியபோது ஒரு மணியைத் தாண்டிவிட்டது. பஸ்ஸில் நாலே பேர். அந்தோணி அண்ணன் பூசைக்குப் போய்விட்டு வந்தவர், என்னைச் சபையை விட்டு ஓடி வந்தவள் என்று வழியெல்லாம் கேலி செய்தார். அவருக்கும் ஆசை விடவில்லை. கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் என் பின்னாலேயே வந்தார். கடலிறகுகள் நிற்கிற இடத்தில் ஜாடியைச் சாய்த்தேன். சின்னது நீரில் இறங்கி, ஒருதரம் நெளிந்து, தலையை மணலுக்குள் விட்டது. ஆரஞ்சு ஓரம் கடைசியாகத் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

அந்தோணி அண்ணன் முழங்காலில் கைவைத்துக் குனிந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லையே, டீச்சர்."

"இருக்கு அண்ணே" என்றேன்.